தென்னை உயரத்துக்குக் கீழே

சித்தூர்ப் பக்கத்துப் பாலசமுத்திரம் பக்கிரிசாமி, புத்தூர் என்று போர்டு போட்ட பஸ்ஸில் ஏறினால், இது புத்தூர் போகுமா என்று முதலில் கண்டக்டரைக் கேட்பார். பிறகு டிரைவரைக் கேட்பார். இரண்டு பேரும் போகும் என்று சொன்ன பிறகு, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு அம்மாளிடம், "நீ எங்க போற?" என்று விசாரிப்பார். பதில்கள் ஒத்துப்போனால் உட்காருவார். உட்கார்ந்தும் கார்வேட்டிநகரம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வருவார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பங்கனபள்ளி என்று சொல்லி ஒரு நர்சரிக்காரன் விற்ற மாங்கன்றுகளை அவர் பிள்ளை மாதிரி வளர்த்தார். காய்த்தபோது எல்லாம் பாதி விலைகூடப் பெறாத தோத்தாபுரி. போய்க் கேட்டதற்கு, "மாமரந்தானே கேட்டே, மாமரந்தானே குடுத்தேன், பேர்தானே வேற" என்று அவன் சொன்னான். அன்றிலிருந்து யாராவது ஒரு பெயரைச் சொன்னால், பக்கிரிசாமி அதைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

அவர் மகள் கீர்த்திக்கு ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தவன் மைத்துனன் திருமலை, சத்தியவேட்டில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். பையன் பெயர் யஸ்வந்த். சத்தியவேட்டுக்காரன்தான். புத்தூருக்கு அந்தப் பக்கம், மலைக்குப் பின்னால் இருக்கும் கரடிகொண்டா வான்தளத்தில் வேலை.

"இன்னா வேலை?" என்றார் பக்கிரிசாமி.

"ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர், மாமா. ஏரோபிளேன் ஏறினாலும் எறங்கினாலும் இவன் சொல்லோணும்."

பையன் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். காபியை ஆற்றிக் குடித்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். கீர்த்திக்குப் பிடித்திருந்தது. அவள் அம்மா சந்திரம்மாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியாததே பக்கிரிசாமிக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

நகரியில் பத்திரிகை அடிக்கக் கொடுத்த மறுநாள் யஸ்வந்த் போன் செய்தான்.

"மாமா, பத்திரிகையில என் பேருக்குக் கீழ கன்ட்ரோலர்னு போட வாணாம். அந்தப் பேர எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தாங்க?"

"மேலிடத்துல. இப்ப நாங்க ஏர்ஸ்பேஸ் ஃப்ளோ அசோசியேட்."

"வேலை மாறிப்போச்சா?"

"வேலை அதேதான் மாமா. பேர்தான் வேற."

பக்கிரிசாமியின் காதில் அது நர்சரிக்காரன் குரலாக விழுந்தது. அச்சகத்துக்குப் போய், நிறுத்துங்கள் என்றார். அச்சகத்துக்காரர் புதுப் பெயரைப் போட்டு அடிக்கத் தயாராக இருந்தார். அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் இன்னொரு போன் வந்தது. இப்போது வெர்டிகல் மூவ்மென்ட் பார்ட்னர். அதற்கடுத்த வாரம் எல்லோரையும் தனித்தனிப் பிரிவாகப் பிரித்துவிட்டார்கள். யஸ்வந்த் டிசென்ட் ஸ்பெஷலிஸ்ட், அதாவது இறக்கப் பிரிவு நிபுணன்.

"நெஜத்த சொல்லு," என்றார் பக்கிரிசாமி மகளிடம். "இவன் அங்க இன்னா பண்றான்?"

"அவுருக்கே தெர்ல நைனா. காலையில போயி போர்டப் பாத்துதான் இன்னிக்கி நாம இன்னான்னு தெரிஞ்சிக்கறாராம்."

கீர்த்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கிரிசாமி சிரிக்கவில்லை. ஒரு ஆள் ஒரு மாதத்தில் இத்தனை பேர் மாற்றிக்கொண்டால் ஊரில் அவனை என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். வான்தளத்தின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார்.

"யஸ்வந்த்னு ஒரு கன்ட்ரோலர் இருக்காரா?"

"கன்ட்ரோலர்னு இங்க யாரும் இல்லை," என்றது ஒரு குரல்.

"இதுக்கு முன்னாடி இருந்தாரா?"

"முன்னாடி இருந்ததைச் சொல்றதுக்கு ஒரு பிரிவு வரப்போகுது. வந்ததும் போன் பண்ணுங்க."

பக்கிரிசாமி போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? அப்டி ஒரு ஆளே இல்லயாம்."

"போன்ல கேட்டா இப்டித்தான்," என்றாள் சந்திரம்மா. "நேர்ல போயி கண்ணால பாத்துட்டு வா. என் பொண்ணு மூஞ்சப் பாக்க முடியல." புளிசோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

திருமலையும் கூட வந்தான். ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டான். வேன் ஓட்டுகிறவன் என்று சொன்னதும், முன்னால் போவதில் நிபுணனா பின்னால் எடுப்பதில் நிபுணனா என்று காவலர் கேட்டார். இரண்டும் செய்வேன் என்றான் திருமலை. இரண்டும் செய்கிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஓரமாக நிறுத்திவிட்டார்கள்.

"நீங்க?"

"வெவசாயம்."

"விளைச்சல் தரைக்கு மேலயா, கீழயா?"

பக்கிரிசாமி யோசித்தார். மாமரம் மேலே. வேர்க்கடலை கீழே. எதைச் சொன்னால் எதில் மாட்டிவிடுவார்களோ என்று பயந்து, "இந்த வருசம் ஒண்ணும் வெளையல," என்றார். அந்தப் பதில் விதிகளுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். உள்ளே விட்டார்கள். சட்டையில் ஒரு அட்டையைக் குத்தினார்கள். அதில் ஸ்கை அப்சர்வர், நான்-டெக்னிக்கல் என்று எழுதியிருந்தது.

தளத்தின் தலைவர் பவன்குமார் சித்தூரில் பிறந்து வளர்ந்தவர். தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். அவர் அறைக்கதவில் பதவிப்பெயர் ஒட்டுத்துணியில் எழுத்து எழுத்தாக ஒட்டியிருந்தது, பிய்த்து மாற்றுவதற்கு வசதியாக. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஒரு மனிதர் வந்திருக்கிறார் என்றதும் அவர் மகிழ்ந்துபோனார். புதிய முறையை வெளியாள் யாருக்காவது விளக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக ஆசை.

"ரண்டி பெத்தாயனா, வாங்க பெரியவரே, கூச்சோண்டி. நீங்க சந்தேகப்படறது மஞ்சிதே, நல்லதுதான். நானும் முதல்ல சந்தேகப்பட்டேன். முன்னாடி எல்லாம் கன்ட்ரோலர்னு ஒரே ஆளு. ஏத்தறதும் அவனே, சுத்த விடறதும் அவனே, எறக்கறதும் அவனே. ஏதாவது தப்பாப் போச்சுன்னா அவன்தான் பதில் சொல்லணும். ஒரே மனுஷன் மேல அவ்ளோ பாரம், பாவம் இல்லையா? இப்ப பாருங்க. ஏத்தறவன் எறக்க மாட்டான். எறக்கறவன் சுத்த விட மாட்டான். தப்பு நடந்தா யாரு பண்ணதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. உலகத்துல எந்தப் படையிலயும் இவ்ளோ பாதுகாப்பு கிடையாது."

"யாருக்குப் பாதுகாப்பு?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

"எல்லாருக்கும்," என்றார் பவன்குமார். "எங்க எல்லாருக்கும்."

சுவரில் ஒரு படம் தொங்கியது. மேலே விமானம், கீழே தரை, நடுவில் கலர் கலராகக் கோடுகள். பவன்குமார் குச்சியால் காட்டினார். "எறக்கப் பிரிவு ஒரு தென்னமர உயரம் வரைக்கும் கொண்டாரும். உங்க மாப்பிள்ளை அதுல சூப்பர். சக்கரம் தரையில பட்டதுக்கப்புறம் தரைப் பிரிவு."

பக்கிரிசாமி படத்தை உற்றுப் பார்த்தார். தென்னைக்கும் தரைக்கும் நடுவே ஒரு துண்டு வெள்ளையாக இருந்தது.

"இந்த எடம் யாரோடது?"

"நீங்க கேட்ட பிரஷ்ன இருக்கே, பிரிவு பிரிச்ச நாள்லேருந்து மேலிடத்துல அதைத்தான் யோசிச்சாங்க," என்றார் பவன்குமார் உணர்ச்சியோடு. "இன்னிக்குக் காலையிலதான் அதுக்குப் பேரு வந்தது. டச்டவுன் ஃபெசிலிடேட்டர், தரையைத் தொட வைக்கறவரு. இனிமே அந்த இடத்துல வேற யாரும் வாயத் திறக்கக் கூடாது."

"அந்த ஆளு வந்துட்டாரா?"

"பேரு வந்தாச்சு. ஆளு வரணும். ஆளுக்குப் பயிற்சி தரணும். பயிற்சி தர்றவரு அந்தப் பேர்லயே இருக்கணும். அந்தப் பேர்ல இன்னும் யாரும் இல்லை. அது ஒண்ணுதான் சின்ன இடைஞ்சல்."

"அதுக்குள்ள ஏதாவது ஏரோபிளேன் வந்தா?"

"ஆள் வர்ற வரைக்கும் எதையும் மேல அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டேன்," என்றார் பவன்குமார். குச்சியை மூலையில் சாய்த்துவிட்டு, "ஒண்ணு மட்டும் பேரு வர்றதுக்கு முன்னாடியே போயிருச்சு," என்றார்.

அதை இருவருமாகக் கோபுரத்துக்கு ஏறிப் பார்த்தார்கள்.

மேலே சுற்றிலும் கண்ணாடி போட்ட அறை. பிரிவுக்கு ஒரு நாற்காலி, ஆளுக்கு ஒரு கலரில் கைவைக்காத சட்டை. யஸ்வந்த் மஞ்சள். தரைப் பிரிவு ரமணா பச்சை. ரமணா அந்தத் தளத்தில் தலை நரைத்த பழைய ஆள். யஸ்வந்த் வருங்கால மாமனாரைப் பார்த்ததும் பாதி எழுந்தான். மைக்கை விட முடியாமல் மறுபடி உட்கார்ந்தான். அவன் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. இவன் எதையோ மறைக்கிறான் என்று பக்கிரிசாமி எண்ணிக்கொண்டார்.

வெளியே சின்னதாக ஒரு விமானம் மலையைத் தாண்டி வந்தது. தாழ்ந்தது. தென்னமர உயரத்துக்கு வந்தது. பிறகு உறுமிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டது.

"ஏன் எறங்கல?"

"தென்னை உயரம் வரைக்கும் யஸ்வந்த் கொண்டாந்தான்," என்று விளக்கினார் பவன்குமார். "அதுக்குக் கீழ சொல்ல ஆளில்லை. அதனால ஏத்தப் பிரிவு மேல அனுப்பிடுச்சு. காலையிலேருந்து இது நடக்குது. ஒரு தப்பும் நடக்கல, கவனிச்சீங்களா?"

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது. விமானத்தை ஓட்டுவது ஸுப்ரஜா என்ற இளம் அதிகாரி. திருப்பதிக்காரி, கோயில் கைங்கர்யக் குடும்பம். முதலில் விதிப்படி இங்கிலீஷில் பேசியவள் இப்போது வீட்டுப் பேச்சுக்கு வந்திருந்தாள்.

"காத்துண்டிருக்கறது எனக்குப் புதுசில்லை. திருப்பதியில பொறந்தவ. ஆனா அங்க க்யூவில நின்னா பாலாவது குடுப்பா. இங்க ஃப்யூயல் தீர்ந்துண்டிருக்கு. எறங்கலாமா கூடாதா, அதை மட்டும் யாராவது சொல்லுங்கோ."

அறையில் எல்லோரும் பவன்குமாரைப் பார்த்தார்கள். பவன்குமார் மேலிடத்துக்குப் போன் போட்டார். பெயர்களை முடிவுசெய்யும் அலுவலகத்துக்கே அன்று பெயர் மாறியிருந்ததால், பழைய நம்பரை எடுக்க ஆளில்லை, புது நம்பர் இன்னும் வரவில்லை.

"நீங்களே சொல்லக் கூடாதா?" என்றார் பக்கிரிசாமி.

"நான் சொன்னா, ஒரு தளத்தின் தலைவரே பிரிவு தாண்டிட்டார்னு ஆகும். அப்புறம் ஒழுங்குன்னு ஒண்ணு எங்க இருக்கும்? விமானம் இன்னொண்ணு வாங்கிக்கலாம். முறையை வாங்க முடியுமா?"

"அந்தப் பொண்ணு?"

பவன்குமார் போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

விமானம் திரும்ப வந்தது. இந்தத் தடவை அதன் சத்தம் வேறு மாதிரி இருந்தது. பக்கிரிசாமிக்கு விமானம் தெரியாது. தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டார் ஓடினால் எப்படி ஒலிக்கும் என்று தெரியும்.

யஸ்வந்த் எழுந்தான். மஞ்சள் சட்டையைக் கழற்றினான். மடித்து நாற்காலியின் மேல் வைத்தான். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மைக்கை எடுத்தான்.

அந்தக் கணத்தில் அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் வேறு வேலை வந்துவிட்டது. ரமணா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். ஏற்றப் பிரிவுக்காரன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தான். பவன்குமார் சுவர் காலண்டரில் நல்ல நாள் தேடினார்.

"மேடம், ரன்வே காலியா இருக்கு," என்றான் யஸ்வந்த். "காத்து கெழக்க இருந்து மெதுவா வருது. தென்னைய தாண்டி நேரா வாங்க. எறங்குங்க."

"யார் பேசறது?"

"எறங்குங்க மேடம்," என்றான்.

விமானம் இறங்கியது. ஓடியது. நின்றது. யஸ்வந்த் மைக்கை வைத்துவிட்டு மஞ்சள் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான். பக்கிரிசாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

விமானம் இறங்கியதே தவிர, இறங்கியதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. டச்டவுன் ஃபெசிலிடேட்டர் ஒப்படைக்காத விமானத்தை ஏற்றுக்கொள்ள முடியாது என்று தரைப் பிரிவு வண்டியை அனுப்ப மறுத்துவிட்டது. ஸுப்ரஜா வெயிலில் நடந்தே வந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில், "மேடம் இன்னும் வானத்துல இருக்காங்க, வானத்துல இருக்கறவங்களுக்கு இங்க தட்டு வைக்கறதில்ல," என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள்.

பக்கிரிசாமி வேப்பமரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"துன்னும்மா. எங்க ஊட்ல செஞ்ச புளிசோறு."

அவள் பாதிப் பொட்டலத்தைச் சாப்பிட்டாள். பிறகு, "மாமா, நான் இப்ப எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியறதா?" என்று கேட்டாள்.

"வேப்பமரத்துக்குக் கீழ."

"அப்பாடா," என்றாள் ஸுப்ரஜா. "யாராவது ஒருத்தர் சொல்லிக் கேக்கணும்னு இருந்தது."

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து விசாரணைக் குழு வந்தது. விசாரணையைத் திருப்பதியில் ஒரு ஹோட்டல் கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். அங்கே வைத்தால் தரிசனமும் ஆகிவிடும். குழுத் தலைவர் முதல்நாளே மலைக்குப் போய் வந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் இருந்தது. அவர் இங்கிலீஷில் கேட்க, பவன்குமார் தமிழில் சொன்னார்.

ஒலிப்பதிவில் ஒரு குரல் இருந்தது. குரலை அடையாளம் காணும் நிபுணரின் பதவி பெயர் மாற்றத்தில் இருந்ததால், அது வெறும் குரலாகவே நின்றது. கோபுரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் வேறு வேலையாக இருந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே சாட்சி பக்கிரிசாமி. பிரிவு தாண்டிப் பேசியவன் யார் என்று தெரிந்தால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது.

யஸ்வந்த் சுவரோரமாக நின்றான். தானே சொல்லிவிடுகிறேன் என்று அவன் காலையிலேயே எழுந்து நின்றிருக்கிறான். சாட்சி சொன்ன பிறகுதான் குற்றவாளி சொல்ல வேண்டும் என்று உட்காரவைத்துவிட்டார்கள். வாசலில் கீர்த்தி திருமலையோடு வந்து நின்றிருந்தாள். உள்ளே விடவில்லை.

"விமானம் இறங்கியதைப் பார்த்தீர்களா?"

"பாத்தேன்."

"இறங்கியதுதான் என்று எப்படித் தெரியும்?"

"மேல இருந்திச்சி. அப்புறம் கீழ இருந்திச்சி."

"அது உங்கள் கருத்தாக இருக்கலாம்."

"அந்தம்மா எங்கூட குந்தி சோறு துன்னாங்க."

தலைவர் பக்கத்தில் இருந்தவர்களோடு கலந்து பேசினார். பதிவேட்டின்படி அந்த அதிகாரி அந்த நேரத்தில் வானத்தில் இருந்ததால், சோறு தின்றதற்கு ஆதாரமில்லை என்று சொன்னார். பக்கிரிசாமி திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தன் வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் பார்த்த பார்வையால் இப்போது தன்னையே பார்க்கிறார்கள் என்று அவருக்கு உறைத்தது. அது நன்றாக இல்லை.

"சரி. அந்தக் கடைசி உயரத்தில், இறங்கு என்று சொன்னது யார்?"

பக்கிரிசாமி சுவரோரம் பார்த்தார். பையன் தலையைக் குனியவில்லை. நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தான், சொல்லுங்கள் என்பது போல. வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீர்த்தியின் சேலை தெரிந்தது.

"நான்தான்," என்றார் பக்கிரிசாமி.

பவன்குமார் மொழிபெயர்க்க மறந்து நின்றார். பிறகு மொழிபெயர்த்தார். தலைவரின் முகம் மலர்ந்தது. ஒரு மறுகேள்வியும் இல்லை.

"இவர் எந்தப் பிரிவு?"

"எந்தப் பிரிவும் இல்லை, சார். விவசாயி."

"அப்படியானால் எந்தப் பிரிவும் தாண்டப்படவில்லை," என்றார் தலைவர். எழுந்து நின்று பக்கிரிசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நம் முறை தோற்கவில்லை. நிபுணர்களைப் பிரித்துப் பிரித்து நாம் உண்டாக்கிய அந்த இடைவெளிக்குள் பொதுமக்கள் தாங்களாகவே வந்திருக்கிறார்கள். அதற்காகத்தான் அந்த இடைவெளியை விட்டுவைத்தோம் என்று நான் எழுதப்போகிறேன்."

பதிவேட்டில் ஸுப்ரஜா அன்று பிற்பகல் முறைப்படி தரையிறங்கினாள்.

வெளியே வந்ததும் யஸ்வந்த் ஓடிவந்தான். "இன்னாத்துக்கு மாமா பொய் சொன்னீங்க? நானே சொல்லியிருப்பேனே."

"நீ இன்னாத்துக்கு அந்தச் சட்டைய கழட்டின?"

பக்கிரிசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "நெஜத்த சொன்னா எத்தினி வாட்டி கேக்கறானுங்க பாத்தியா. பொய்ய மட்டும் உடனே வாங்கிக்கினானுங்க. இவுனுங்கள நம்பக் கூடாது." மகள் பக்கம் திரும்பினார். "பத்திரிகய அடிக்கச் சொல்லிடறேன். பேருக்குக் கீழ ஒண்ணும் போட வாணாம். ஊருக்குப் போலாம் வா."

வீட்டில் சந்திரம்மா கேட்டாள். "அந்தப் புள்ள வேல இன்னான்னு தெரிஞ்சிதா?"

"வேல தெரில. ஆளு தெரிஞ்சிபோச்சி."

அதோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். சில நாளில் ஊர் அலுவலகமான கிராம சச்சிவாலயத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. தென்னை உயரத்துக்கும் தரைக்கும் நடுவிலுள்ள பகுதிக்கு, அனுபவம் உள்ள ஒரே நபர் என்ற முறையில், பாலசமுத்திரம் பக்கிரிசாமி நியமிக்கப்பட்டிருந்தார். பதவிப்பெயர் இரண்டு வரிக்கு ஓடியது. சச்சிவாலயத்துப் பெண் அதைப் படித்துக் காட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினாள். யஸ்வந்துக்கும் புதுப் பிரிவு கிடைத்தது. அவன் மௌன ஆலோசகன். எல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும், எதையும் மைக்கில் சொல்லக் கூடாது.

பக்கிரிசாமி முடியாது என்றார். இதில் எங்கேயோ தன் நிலத்தை எழுதி வாங்கும் திட்டம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். ஆனால் ஜீப் வந்து களத்தில் நின்று, மேலே ஒரு விமானம் காத்திருக்கிறது என்று ரமணா சொன்னால், பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை. மாந்தோப்பில் நின்றபடி ரேடியோவை வாங்குவார். மறு கையில் போனில் யஸ்வந்த் காற்றையும் பாதையையும் சொல்வான். இவர் அதை அப்படியே ரேடியோவில் திருப்பிச் சொல்வார். தெரிந்தவன் பேசவில்லை, பேசியவருக்குத் தெரியவில்லை. தளத்துக்கு அந்த ஆண்டின் சிறந்த ஒழுங்குக்கான கேடயம் கிடைத்தது. பவன்குமார் அதை வாங்கிக்கொண்டு, இந்த வெற்றியில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று பேசினார். அடக்கம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

கல்யாணம் திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற வழியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முகூர்த்த நேரம். கீர்த்தியின் கையைப் பிடித்து யஸ்வந்தின் கையில் வைக்கப் பக்கிரிசாமி மணையில் உட்கார்ந்திருந்தார். சந்திரம்மா சொம்பில் தண்ணீரோடு பக்கத்தில் இருந்தாள். ஐயர் மந்திரத்தைப் பாதி சொல்லியிருந்தபோது, பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரமணா நாற்காலிகளுக்கு நடுவே நுனிக்காலில் வந்தார்.

"பெத்தாயனா, மன்னிச்சிடுங்க. ஸுப்ரஜா மேடம் மேல இருக்காங்க."

"அவங்களுக்குப் பத்திரிக வச்சனே," என்றார் பக்கிரிசாமி.

"எறங்கினாத்தான் வர முடியும்."

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். நாதஸ்வரக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் வாசிப்பைக் குறைத்தார். பக்கிரிசாமி ஒரு கையில் மகளின் கையை வைத்துக்கொண்டு, மறு கையில் ரேடியோவை வாங்கினார். ரமணா தன் போனில் கோபுரத்திலிருந்து வந்த விவரத்தை மாப்பிள்ளையிடம் நீட்டினார். மாலையும் கழுத்துமாக யஸ்வந்த் அதைப் பார்த்துவிட்டு, மாமனாரின் காதருகே குனிந்தான்.

"ரன்வே காலி," என்றான் மெதுவாக.

"ரன்வே காலிம்மா," என்றார் பக்கிரிசாமி ரேடியோவில்.

"காத்து இன்னிக்கி மேற்க இருந்து."

"காத்து இன்னிக்கி மேற்க இருந்து. பாத்து வா."

"எறங்கலாம்."

"எறங்கலாம் தாயி."

ரேடியோ கரகரத்தது. பிறகு ஸுப்ரஜாவின் குரல் விதிப்படி விறைப்பாக வந்தது. "புது உத்தரவு வந்திருக்கு. அனுமதி தர்றவர் தன்னோட முழுப் பதவிப்பெயரைச் சொல்லணும். சொன்னாத்தான் எறங்கலாம்."

பக்கிரிசாமி ரமணாவைப் பார்த்தார். ரமணாவுக்கு நினைவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார். நேற்று இருந்த பெயர் தெரியும், இன்றையது தெரியாது என்று அவன் உதட்டைப் பிதுக்கினான். சந்திரம்மா சொம்பைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு, "எத்தயாவது சொல்லேன், நேரம் போவுது," என்றாள்.

பக்கிரிசாமி தன் கைக்குள் இருந்த மகளின் கையைப் பார்த்தார். ரேடியோவை வாயருகே கொண்டுபோனார்.

"பொண்ணுக்கு நைனா," என்றார்.

ரேடியோ மறுபடி கரகரத்தது.

"சரி, பொண்ணுக்கு நைனா," என்றது குரல். "எறங்கறேன்."